பஞ்சுக்குள்ளே ஒன்பது கல்

கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவன் தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தான். வெளியே மழை அப்படி. மழைக்கோட்டு என்று ஒன்று அவனிடம் இருக்கத்தான் செய்தது... ஆனால் அது அவன் மேல் இல்லை. கையில் அணைத்திருந்த மூட்டையின் மேல் இருந்தது. மூட்டைக்குள்ளிருந்து ஒரு கறுப்பு மூக்கு எட்டிப் பார்த்தது.

அவள் அந்த நேரம் பார்த்துத் தரையில் மண்டியிட்டு, மேசைக்கு அடியில் உருண்டுபோன தெர்மாமீட்டரைத் தேடிக்கொண்டிருந்தாள். அவள் நிமிரவும் மூட்டை அவிழவும் சரியாக இருந்தது. அன்று காலைதான் இஸ்திரி போட்டு மாட்டியிருந்த வெள்ளைக் கோட்டின் மேல் நாலே நாலு சொட்டு விழுந்தது.

“பஞ்சு... வெக்கமா இல்ல உனக்கு? எத்தனை தடவ சொல்றது, போற எடத்துல எல்லாம் இப்படிப் பண்ணாதேன்னு...” நாயைத்தான் திட்டினான். அவளிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்பது இரண்டாவதாகத்தான் தோன்றியது. “ஸாரிங்க. பதினொரு வருஷமா ஒரு சொட்டு வீட்டுக்குள்ள விட்டதில்ல. இந்தப் பத்து நாளாத்தான் பிடிவாதம். கட்டில் மேல, செருப்பு மேல... என் மேல ஏதோ கோவம். நானும் ரெண்டு நாளாப் பேசல.”

“யார்கிட்டப் பேசல?”

“பஞ்சுகிட்டதான்.”

அவள் கோட்டின் மேல் விழுந்த சொட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவை மஞ்சளாக இல்லை. இளஞ்சிவப்பாக இருந்தன.

மெல்ல எழுந்து நின்றாள். கோபம் வந்தால் கண் சிவக்கும் என்பார்கள்... இவளுக்குச் சிவக்கவில்லை, விரிந்தது. இத்தனை பெரிய கண்களை வைத்துக்கொண்டு இவ்வளவு நேரம் தரையில் என்ன தேடிக்கொண்டிருந்தாள் என்று, அந்த நிலைமையிலும், அவன் நினைத்தான். நினைத்ததற்காகத் தன்னையே கடிந்துகொண்டான்.

“சார், வெக்கப்பட வேண்டியது அது இல்ல. இந்த நாலு சொட்டு விடறதுக்குள்ள அதுக்கு உயிர் போய் உயிர் வருது. ரத்தம் வருது, பாக்கலையா நீங்க? வலியில துடிச்சிருக்கு... நீங்க பேசாம இருந்திருக்கீங்க. ரெண்டு நாளா.”

அவன் முகம் சுண்டிப்போயிற்று. நாயை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டான். “டாக்டர் இல்லீங்களா உள்ள?” என்று மெதுவாகக் கேட்டான்.

“நான்தான் டாக்டர்.”

உள்ளறையிலிருந்து ஒரு கணீர்க் குரல் வந்தது. “பாப்பா... யாரு வந்திருக்காங்க பாரு.”

“ஓ...” என்றான் அவன்.

அந்த ‘ஓ’ இருக்கிறதே... அதை அவள் அன்று முழுவதும் மன்னிக்கவில்லை.

குரலுக்குச் சொந்தக்காரி பெரிய டாக்டர். அவளுடைய அம்மா. இருபத்தெட்டு வருடங்களாக அந்தக் கால்நடை மருத்துவமனையை ஒற்றை ஆளாக நடத்துகிறவர். மகள் படித்து, பட்டம் வாங்கி, இரண்டு வருடமாகக் கூடவே வேலை பார்க்கிறாள். ஊரார் அவளைச் சின்ன டாக்டர் என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். அம்மாவுக்கு மட்டும் அவள் இன்னும் பாப்பாதான். ஊசி போடலாம், கட்டுப் போடலாம். கத்தியை எடுத்தால் அம்மா பக்கத்தில் நிற்கவேண்டும். போன வாரம் ஒரு கன்றுக்குட்டி விட்ட உதையில் அம்மாவின் வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு ஏறியிருந்தது. ஆகையால் இப்போது கத்திக்கே விடுமுறை.

ஸ்கேன் படத்தைப் பெரிய டாக்டர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “பேரு பஞ்சு... உள்ள பூரா கல்லு. ஒண்ணு, ரெண்டு... ஏழு எண்ண முடியுது. சிறுநீர்ப்பையைத் திறந்துதான் எடுக்கணும். என் கை இப்படி இருக்கு. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன், நாலு நாள்ல இடம் கிடைக்கும்.”

“நாலு நாள் தாங்காதும்மா,” என்றாள் அவள். “ஒரு கல்லு வழியில இறங்கி அடைச்சுதுன்னா ஒரே நாள்ல முடிஞ்சுடும். நான் பண்றேன்.”

“தனியாவா?”

“தனியாத்தான்.”

அம்மா மகளைப் பார்த்தார். பிறகு நாயின் சொந்தக்காரனைப் பார்த்தார். “தம்பி, நாய் உங்களுது. பதினொரு வயசு வேற. பாப்பா இதுவரைக்கும் தனியாத் திறந்ததில்ல. மறைக்க விரும்பல. நீங்கதான் சொல்லணும்.”

அவள் சற்று முன்னால்தான் இந்த மனிதனை நாலு பேர் முன்னால் வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறாள். இப்போது அவன் வாயைப் பார்த்து நிற்கவேண்டியிருக்கிறது... நன்றாக வேண்டும் எனக்கு என்று நினைத்துக்கொண்டாள்.

“இவங்களே பண்ணட்டும்,” என்றான் அவன்.

“யோசிச்சுச் சொல்லுங்க தம்பி.”

“யோசிச்சுட்டேன். என் நாய்க்காக என்கிட்டயே கோவப்பட்டாங்க. அது போதும் எனக்கு.”

சின்ன டாக்டர் சட்டென்று திரும்பிக்கொண்டு, ஏற்கெனவே கழுவிய கையை மறுபடி கழுவப் போனாள்.

பக்கத்தில் வந்து நின்ற நர்ஸக்கா காதைக் கடித்தாள். “டாக்டர், குரலைக் கேட்டீங்களா? நம்ம ரேடியோ செய்திக்காரர். மத்தியானம் பன்னிரண்டே முக்காலுக்கு வாசிப்பாரே... அவரேதான். நேர்ல இவ்வளவு ஒல்லின்னு நெனக்கல நான்.”

“நான் செய்தி கேக்கறதில்ல,” என்றாள் அவள். உண்மைதான். ஆனால் அந்தக் குரல் காதுக்குள் இன்னும் இருந்தது... அதற்கு யார் என்ன செய்யமுடியும்?

மறுநாள் காலை, பத்து மணி. பஞ்சு பச்சைத் துணிக்கடியில் மயங்கிக் கிடந்தது. மழித்த வயிறு ரோஜா நிறத்தில் ஏறி இறங்கியது. தனியாகத்தான் என்று மகள் சொன்னதைப் பெரிய டாக்டர் மதித்தார். அறைக்குள் வரவில்லை. வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, செய்தித்தாளைப் பிரித்துப் பிடித்திருந்தார். தலைகீழாகப் பிடித்திருந்ததை நர்ஸக்கா பார்த்தாள். சொல்லவில்லை.

அவள் வயிற்றைத் திறந்தாள். சிறுநீர்ப்பையை வெளியே எடுத்து ஈரத்துணியின் மேல் வைத்தாள். மெல்லியதாக இருக்கவேண்டிய பை, நாள்பட்ட புண்ணால் தடித்துச் சிவந்திருந்தது. இரண்டு பக்கமும் நூல் கோத்துத் தூக்கிப் பிடித்து, நடுவில் ஒரே ஒரு கீறல்... கை நடுங்கும் என்று பயந்திருந்தாள். நடுங்கவில்லை. சின்னக் கரண்டியை உள்ளே விட்டதும் ‘கரக்’ என்று ஒரு சத்தம். முதல் கல் ஸ்டீல் கிண்ணத்தில் ‘டங்’ என்று விழுந்தது.

வெளியே அம்மா எண்ணினார். பக்கத்தில் காத்திருந்த அவனும் எண்ணினான். ஐந்து... ஆறு... ஏழு. ஸ்கேன் காட்டிய கணக்கு முடிந்துவிட்டது. அம்மா மூச்சு விட்டார். உள்ளே அவள் நிறுத்தவில்லை. கீழ்ப்பக்கமிருந்து குழாய் செருகி, உப்புநீரைப் பாய்ச்சி, வழியை அலசினாள். மறுபடி அலசினாள். டங். பயறளவில் எட்டாவது. மூன்றாம் தடவை அலசியபோது ஒன்பதாவது வந்தது. நாலாம் தடவையும் ஐந்தாம் தடவையும் வெறும் தண்ணீர்தான். பிறகுதான் தைத்தாள். தைத்த பையை உப்புநீரால் நிரப்பி, ஒரு சொட்டாவது கசிகிறதா என்று பார்த்தாள். கசியவில்லை.

கிண்ணத்தோடு அவள் வெளியே வந்தபோது அவன் எழுந்து நின்றான். ஒன்பது கல்லையும் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். கண்களில் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றது. உதடு பிரிந்தது... ஏதோ ஒரு வார்த்தை நுனிவரை வந்தது. திறந்த கதவு வழியாக, மயக்கம் தெளிந்து தலையைத் தூக்கிய பஞ்சு அவனையே பார்த்தது. அவன் நாயைப் பார்த்தான். சடாரென்று வாயை மூடிக்கொண்டான்.

“சரிங்க டாக்டர்,” என்றான். அவ்வளவுதான்.

சரிங்க டாக்டரா... ஒன்றரை மணி நேரம் நின்று, முதுகு ஒடிந்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தைத்தவளுக்கு ஒரு சரிங்க டாக்டர். பால் பாக்கெட் போடுகிறவரிடம்கூட ஒரு தேங்க்ஸ் சொல்வார்களே. ஊர் உலகத்துக்கெல்லாம் வாய் ஓயாமல் வாசிக்கிற மனிதனுக்கு எனக்கென்று ஒரு வார்த்தை பஞ்சமா? அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அது பசியில்லாததால் என்று அவள் சொல்லிக்கொண்டாள். நாமும் நம்புவோம்.

ஆபரேஷனுக்கு மறுநாள் மாலை அவன் மறுபடி வந்தான். பஞ்சு கூண்டுக்கு வெளியே, மெத்தைமேல் படுத்திருந்தது. சிறுநீர் தானாக வடிவதற்குப் போட்ட குழாய் இன்னும் இருந்தது. அவனைக் கண்டதும் வாலால் தரையைப் பெருக்கியது. அவன் ஒரு மணி நேரம் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து, தலையைத் தடவிக்கொண்டிருந்தான். ஜன்னலுக்கு வெளியே மழை. அவன் விரல்கள் நீளமானவை, பொறுமையானவை என்பதையெல்லாம் அவள் மருந்துச் சீட்டு எழுதியபடியே கவனித்துத் தொலைத்தாள்.

“எப்ப வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாம் டாக்டர்?”

“நாளைக்குக் காலைல குழாய எடுப்பேன். தானா ஒண்ணுக்குப் போச்சுன்னா சாயந்தரமே.”

“சரிங்க.”

மறுபடி அதே சரிங்க. அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

“நாய் நன்றியுள்ள பிராணின்னு சொல்வாங்க,” என்றாள், சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். “வளக்கறவங்களப் பத்தி யாரும் சொல்லல பாருங்க...”

அப்போது நடந்தது விநோதம். பஞ்சு விருட்டென்று எழுந்து, குழாயோடும் கட்டோடும் பின்னங்காலைத் தூக்கப் பார்த்தது. அவன் பாய்ந்து அதன் இரண்டு காதையும் கையால் பொத்தினான்.

“டாக்டர், ப்ளீஸ்... அந்த வார்த்தைய மட்டும் இங்க சொல்லாதீங்க.”

“எந்த வார்த்தைய?”

“அதான்... அந்த... அது வேணாங்க.” அவன் முகம் செக்கச்செவேலென்று ஆகியிருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தான். வாசல் பக்கம் காத்திருந்த இரண்டு பேர் இவனையே பார்ப்பதைப் பார்த்தான். அடக்கிக்கொண்டான்.

அவளுக்குப் புரிந்தது இதுதான்: இந்த ஆளிடம் நன்றி என்ற பேச்சையே எடுக்கக்கூடாது. அதைச் சொன்னால் நாயின் காதில்கூட விழக்கூடாது.

“நல்லதுங்க. இனிமே சொல்லல. நாளைக்கு நீங்க வரவேணாம். நாய் தயாரானதும் நர்ஸக்கா ஃபோன் பண்ணுவாங்க. வந்து கூட்டிட்டுப் போங்க.”

அவன் எழுந்தான். வாசல்வரை போனான். திரும்பினான்... அவள் தலையைத் தூக்கவில்லை. மழையில் இறங்கி நடந்துவிட்டான். மழைக்கோட்டை நாற்காலியிலேயே மறந்துவிட்டுப் போனதைப் பார்த்தபோது, அவளுக்குள் ஏதோ ஒன்று வலித்தது. நனையட்டும், அப்போதாவது புத்தி வரட்டும் என்று எண்ணியவள், கோட்டை எடுத்து மடிப்புக் கலையாமல் மாட்டி வைத்தாள்.

அடுத்த நாள் காலை எட்டு மணிக்குக் குழாயை எடுத்தாள். ஒன்பது மணிக்குப் பஞ்சுவை வெளியே புல்தரைக்குக் கூட்டிப்போனார்கள். அது முகர்ந்தது. நின்றது. வாசற்கதவையே பார்த்தது. திரும்பி வந்துவிட்டது. பத்து மணிக்கும் அதே கதை. பதினொரு மணிக்கு நர்ஸக்கா குழந்தைகளுக்குச் சொல்வதுபோல ‘ஸ்ஸ்ஸ்’ என்று சொல்லிப் பார்த்தாள். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுச் சத்தம் காட்டினாள். அதில் நர்ஸக்காதான் ஒரு தரம் போய்வரவேண்டியிருந்தது. பஞ்சு அசையவில்லை.

பன்னிரண்டுக்கு அவள் அதன் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். பை திம்மென்று நிரம்பியிருந்தது. தைத்து மூன்று நாள்கூட ஆகாத பை. அதற்கு மேல் நிரம்பினால் தையல் விட்டுப்போகும்.

“தச்சப்புறம் எடுத்த எக்ஸ்ரேல சுத்தமா இருந்ததும்மா. நான் அஞ்சு தடவ அலசினேன்.”

“படத்துல விழாத கல்லும் இருக்கு பாப்பா. ஏழுன்னு நெனச்சோம், ஒன்பது வந்துது. பத்தாவது ஒண்ணு வழியில நிக்காதுன்னு யாரு சொன்னா?” பெரிய டாக்டரின் குரலில் கடுமை இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் தாங்கவில்லை. “ஒரு மணி வரைக்கும் பாப்போம். அப்புறம் மயக்கம் குடுத்துத் திரும்பக் குழாய் போட்டுப் பாக்கணும். ஏறலன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி சொல்லிடு. அவங்க திறக்கட்டும்.”

“பதினொரு வயசும்மா. மூணு நாளைக்குள்ள ரெண்டாவது மயக்கம்...”

“தெரியும். அதான் சொந்தக்காரர்கிட்டக் கேக்கணும். ஃபோன் பண்ணு.”

“நர்ஸக்கா பண்ணட்டுமே.”

“ஆபரேஷன் பண்ணது யாரு?”

அவள் போனை எடுத்தாள். நேற்று வரவேண்டாம் என்று சொன்ன அதே வாயால் இன்று வாருங்கள் என்று சொல்லவேண்டும். அதுகூடப் பரவாயில்லை... என் கையை நம்பினீர்கள், அந்தக் கை தோற்றுவிட்டது போலிருக்கிறது என்று சொல்லவேண்டும். மனம் கிடந்து அடித்துக்கொண்டது. எண்களை அழுத்தினாள். அவன் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடி அழுத்தினாள். நாலு தடவை. அவன் அந்நேரம் எங்கே இருப்பான் என்பது அவளுக்கு உறைக்கவில்லை.

பஞ்சுவின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். “போயேன்டா கண்ணு...” என்றாள். “எனக்காக ஒரே ஒரு தடவ. உங்க வீட்டு ஆளு என்னை நம்பி விட்டுட்டுப் போயிருக்காரு. அவரு முகத்துல நான் எப்படி முழிப்பேன், சொல்லு.” பஞ்சு அவள் கையை நக்கியது. அவள் அழுதாள். ஆமாம், அழுதாள். டாக்டர்களும் அழுவார்கள்.

நர்ஸக்காவுக்குப் பொறுக்கவில்லை. அலமாரி மேலிருந்த ரேடியோவைத் திருகினாள். சிகிச்சைக்குப் படுத்திருக்கும் பிராணிகள் கலங்காமல் இருக்கப் பாட்டுப் போடுவது அங்கே வழக்கம். பாட்டு வரவில்லை. ஆழமான, நிதானமான ஒரு குரல் வந்தது.

“அதை நிறுத்துங்கக்கா. இப்ப அந்தக் குரலை என்னால கேக்க முடியாது.”

“டாக்டர்... நாயைப் பாருங்க.”

பஞ்சு இரண்டு காதையும் நட்டுக்கொண்டு நின்றது. குரல் வாசித்துக்கொண்டே போனது. விலைவாசி வந்தது. விளையாட்டு வந்தது. தொடர்மழை காரணமாக நீர்த்தேக்கத்தின் மூன்று மதகுகளும் திறக்கப்பட்டன, கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள் என்றது. பஞ்சு வாசலை நோக்கி இரண்டடி வைத்தது. உடம்பு முழுக்க நடுங்கியது.

“இத்துடன் செய்திகள் நிறைவடைந்தன. நன்றி, வணக்கம்.”

ஒப்புதல் படிவத்தோடு பெரிய டாக்டர் அறைக்குள் காலெடுத்து வைத்ததும் அதே நொடியில்தான். பஞ்சு நேராகப் போய், அவருடைய வலது செருப்பின் மேல் காலைத் தூக்கியது.

பிறகு... மழைதான். சொட்டு அல்ல, தாரை. விடாமல், தடைபடாமல், வெள்ளமாக. பெரிய டாக்டர் காலை நகர்த்தவில்லை. இருபத்தெட்டு வருட அனுபவம் அது. சிலை மாதிரி நின்று, கண்ணாடியை மூக்கில் ஏற்றி, குனிந்து பார்த்தார்.

“நிறம் சுத்தம்,” என்றார். “ரத்தம் இல்ல... தடை இல்ல... தாரை நல்ல கனம்...” இன்னும் வந்துகொண்டிருந்தது. “பாப்பா, கடிகாரத்தைப் பாரு. எத்தனை விநாடி?”

“அம்பத்தி... அம்பத்திரெண்டு...” கடிகாரத்தையும் பஞ்சுவையும் மாறி மாறிப் பார்த்து எண்ணினாள்.

எல்லாம் முடிந்ததும் அம்மா இடது கையால் பஞ்சுவின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். மெத்தென்று இருந்தது. நிமிர்ந்தார். “இவனுக்கு வழியில கல்லும் இல்ல, மண்ணும் இல்ல. வேணும்னே அடக்கிட்டு நின்னிருக்கான். கல்லு இருந்த வரைக்கும் அடக்க முடியாம அங்கங்க விட்டான். இப்ப நாலு மணி நேரம் அடக்கறான்னா... உன் தையல் பிடிச்சிருக்குன்னு அர்த்தம்.” ஒப்புதல் படிவத்தை நாலாகக் கிழித்தார். “வியாழக்கிழமை ஒரு பூனை கேஸ் இருக்கு பாப்பா. நீயே பண்ணிடு. நான் வெளியகூட உக்கார மாட்டேன்.”

நர்ஸக்கா கையைத் தட்டினாள். மெத்தையில் கிடந்த மற்ற இரண்டு நாய்களும் காரணம் தெரியாமலே குரைத்துக் கொண்டாடின. சின்ன டாக்டர் பஞ்சுவைக் கட்டிக்கொண்டு சிரித்தாள், கண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். அந்த நிமிடம் அவளை யார் பார்த்திருந்தாலும் மனத்தைப் பறிகொடுத்திருப்பார்கள்.

பார்க்கவேண்டியவன் ஒன்றேகால் மணிக்கு வந்தான். போனில் நாலு தவறிய அழைப்பைக் கண்டு ஓடி வந்திருக்கிறான். கோட்டு இல்லை, குடை இல்லை. மூச்சு வாங்கியது. “பஞ்சு... பஞ்சுவுக்கு என்னாச்சு?” என்றான். செய்தி வாசிக்கிற குரல் எங்கே போயிற்றோ, ஒரு குழந்தையின் குரல்தான் வந்தது.

“நல்லா இருக்கான். ரொம்ப நல்லா இருக்கான்,” என்றாள் அவள். “வாங்க. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்.”

“இங்க வேணாம். வெளிய போய்ப் பேசலாமா? கதவைச் சாத்திட்டு...”

வராந்தாவில் நின்றார்கள். மழை ஒரு திரைபோல விழுந்துகொண்டிருந்தது. அவள் நடந்ததைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவன் தலை குனிந்தது. காது நுனிவரை சிவந்தது.

“என் தப்புதான் டாக்டர். எல்லாம் என் தப்பு. நான் வீட்டுல சத்தம் போட்டு வாசிச்சுப் பழகுவேன். காலைலயும் சாயந்தரமும். முடிச்சவுடனே வாரைக் கையில எடுத்துட்டு அவனை வெளிய கூட்டிட்டுப் போவேன். குட்டியா இருந்ததுலேருந்து இப்படித்தான். கொஞ்ச நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது... கடைசி வரி வராம அவன் போகவே மாட்டான். அதுலயும் வணக்கத்துக்கு முன்னாடி வர்ற அந்த வார்த்தை காதுல விழுந்துதுன்னா எங்க நிக்கறான்னே பாக்க மாட்டான்.”

அவள் கண்கள் விரிந்தன. இந்த முறை கோபத்தில் இல்லை.

“அப்ப ஆபரேஷன் முடிஞ்சவுடனே...”

“சொல்லத்தான் வாயெடுத்தேன். அவன் முழிச்சுப் பாத்தான். புதுத் தையல். சொன்னா என்னாகுமோன்னு பயந்துட்டேன்.”

“தேங்க்ஸ்னு சொல்லியிருக்கலாமே?”

“லிஃப்ட்ல கதவைப் பிடிச்சா தேங்க்ஸ் சொல்வோம். நீங்க பண்ணதுக்கு அதையா சொல்றது? மனசு வரல.” அவன் நிமிர்ந்தான். “நேத்தே உங்ககிட்ட உண்மையச் சொல்லியிருக்கணும். என் குரலைக் கேட்டா என் நாய் ஒண்ணுக்குப் போகும்னு நாலு பேர் முன்னாடி எப்படிச் சொல்றது... ஸ்டேஷன்ல தெரிஞ்சா ஆயுசுக்கும் ஓட்டுவாங்க. வெட்டி கௌரவம். அதனால இன்னிக்கு அவனுக்குக் கத்தி வரைக்கும் போயிருக்கும். உங்களையும் அழ வெச்சுட்டேன்.”

“நான் அழல.”

“கண்ணு வீங்கியிருக்கு.”

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். அவன் சாத்திய கதவை ஒரு முறை பார்த்துக்கொண்டான். பிறகு, மழைச் சத்தத்தில் அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, சொன்னான்.

“நன்றி டாக்டர்.”

மைக்கில் ஆயிரம் தடவை சொன்ன வார்த்தை. முதன்முறையாகச் சொல்வதுபோல அவன் உதடு நடுங்கியது. “தினமும் ஊருக்கே சொல்றேன். ஒருத்தர் முகத்தையும் பாத்துச் சொன்னதில்ல. இன்னிக்குத்தான் சொல்றேன்.”

அவள் நெஞ்சுக்குள் என்னென்னவோ முட்டிக்கொண்டு நின்றது. சொல்லலாமா... நானாகவா... பெண்ணாகப் பிறந்தவள் முதலில் சொல்லலாமா... நாலு நாள் பழக்கத்தில்... அம்மா என்ன சொல்வார்... இப்படி ஆயிரம். அப்புறம் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இன்று ஜெயித்தவள் அவள். பயப்படுவதற்கு இன்று நாள் சரியில்லை.

“நாய்க்கானாலும் மனுஷங்களுக்கானாலும் ஒரே வைத்தியம்தாங்க,” என்றாள். “எதையும் ரொம்ப நாள் அடக்கி வெக்கக் கூடாது. உள்ளயே இறுகிக் கல்லாயிடும். அதனால சொல்லிடறேன்... எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு. நாயைக் காரணம் காட்டாம நீங்க இங்க வரணும். என்னைப் பாக்க வரணும்.”

ஊரே அசந்து கேட்கும் குரலுக்கு வார்த்தை வரவில்லை. இரண்டு தடவை தொண்டையைச் செருமினான். வாசிக்க எதிரில் தாள் இல்லாமல் தவித்தான்.

“எனக்கும்...” என்றான். “முத நாள்... நீங்க திட்டினீங்களே... அப்பலேருந்து. நீங்க என் கூடவே இருக்கணும்... வாழ்நாள் பூரா... நான் சரியாச் சொல்றேனா?”

“தடுமாறுது,” என்றாள் அவள். “இன்னொரு தடவ சொல்லுங்க.”

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு தடவை சொன்னான்.